விடு மாப்ள: மதுரையில் நான் காட்டிய சிவப்பு அட்டை

மதுரைக்குப் போகிறேன் என்றதும் மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவில் ஆளுக்கொரு வேலையைச் சொல்லி அனுப்பினார்கள். மீனாட்சியிடம் ஒருவருக்கு வேண்டுதல், அழகரிடம் ஒருவருக்கு, சுங்குடிச் சேலை மட்டும் மூன்று பேருக்கு. நான் போனது ஒரு கோப்பையை எடுத்துக் கொடுக்க.

என் நண்பர் ஞானராஜ் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். இருபது வருடங்களுக்கு முன்பு காற்பந்து நடுவர்களுக்கான பயிற்சி ஒன்றுக்காக ஈப்போ வந்து, அங்கே நடுவராக இருந்த என் வீட்டில் இரண்டு வாரம் தங்கினார். அதிலிருந்து ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் பேசிக்கொள்வோம். பேசிக்கொள்வோம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சண்டைதான் போடுவோம், பெரும்பாலும் ஆஃப்சைடைப் பற்றி. அவர் அடக்கத்துக்கு நான் வரவில்லை. டெங்குக் காய்ச்சலில் மருத்துவமனையில் கிடந்தேன். காரணம் நியாயமானதுதான், ஆனாலும் மனம் ஆறவில்லை.

அவரிடம் படித்தவர்கள் சேர்ந்து அவர் பெயரில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு காற்பந்துப் போட்டி நடத்துகிறார்கள் என்றும், இறுதி ஆட்டத்தன்று நான் வந்து கோப்பையைக் கொடுக்க வேண்டும் என்றும் அவர் மனைவி எஸ்தர் கேட்டார். மறுபேச்சில்லாமல் கிளம்பிவிட்டேன்.

விமான நிலையத்து வாசலில் எஸ்தர் ஆட்டோவுடன் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வாங்கண்ணே. அவரு இருந்திருந்தா இந்நேரம் இங்கனயே உங்ககூடச் சண்டைய ஆரம்பிச்சிருப்பாரு" என்றார். பெட்டியைத் தூக்கி ஆட்டோவில் வைப்பதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டேன்.

வீடு ஒத்தக்கடையைத் தாண்டி, புதிதாக மனை போட்டு விற்ற இடத்தில் இருந்தது. தெருவில் பாதி வீடு, பாதி முள்செடி. மாடியில் நின்றால் யானைமலை தெரிந்தது. எங்கள் ஈப்போவிலும் ஊரைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் உண்டு, ஆனால் அவற்றின் தலைவரை பச்சை பிடித்திருக்கும். இது மொட்டைப் பாறை. வெயிலுக்கு அது ஒரு துணி கூடப் போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பாட்டில் எனக்கும் மதுரைக்கும் முதல் நாளே மோதல். நாலு இட்லியோடு கையை எடுத்தேன். "இம்புட்டுத்தானா? நாலு இட்லிக்கா இம்புட்டு தூரம் வந்தீங்க?" என்று கேட்டபடி எஸ்தர் ஆட்டுக்கறிக் குழம்பை இலையில் ஊற்றிவிட்டார். மாலையில் பரோட்டாக் கடைக்குப் போனால் அங்கும் இதே கதை. எங்கள் ஊரில் பரோட்டாவை ரொட்டி சானாய் என்போம், அதைத் தட்டில் தனியாக வைத்து, குழம்பை ஓரமாகக் கொடுப்பார்கள். தொட்டுக்கொள்வதும் விடுவதும் நம் இஷ்டம். இங்கே பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, நான் கையால் தடுப்பதற்குள் மேலே சால்னா இறங்கிவிட்டது. பரிமாறியவரிடம் கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். முதல் வாய் உள்ளே போனதும் கோபம் போய்விட்டது.

மறுநாள் இறுதி ஆட்டம். மைதானம் ஒரு கல்லூரிக்குச் சொந்தமானது, முழுக்கச் செம்மண். ஈப்போவில் மழையில் ஊறிய புல்லில் ஓடிப் பழகிய என் கால் அதைக் கண்டதும் கூசியது. ஓரத்தில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, ஒலிபெருக்கி. கல்லூரியின் விளையாட்டு இயக்குநர் தங்கவேல் மாஸ்டர் ஓடிவந்து சால்வை போர்த்தினார். ஞானராஜின் பழைய மாணவர்களில் அவரும் ஒருவர்.

"சார், இன்னைக்கு மேட்ச் சும்மா கோப்பைக்கு மட்டும் இல்ல. யூனிவர்சிட்டி டீமுல ரெண்டு எடம் காலியா இருக்கு. செலக்டர் வந்து உக்காந்திருக்காரு. இதப் பாத்துத்தான் எடுக்கப் போறாரு" என்றார் மாஸ்டர்.

அந்த இடத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் அவரே விளக்கினார். பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு மனுப் போட அதுதான் நுழைவுச்சீட்டு. "இந்தப் பயலுகளுக்கு அம்புட்டும் அதுலதான் சார் இருக்கு" என்றார். அவர் விரல் நீட்டிய இடத்தில் சிவப்புச் சட்டை போட்ட ஒன்பதாம் எண்காரன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். பெயர் செல்லப்பாண்டி. திருமங்கலம் பக்கம், விவசாயக் குடும்பம், கடைசி வருடம். "அவனுக்கு ஒரு எடம் உறுதி சார்."

ஆட்டம் தொடங்க இருபது நிமிடம் இருக்கையில் நடுவரிடமிருந்து தகவல் வந்தது. மேலூரிலிருந்து பைக்கில் வந்தவர் ஆட்டு மந்தைக்காக பிரேக் போட்டுச் சறுக்கி விழுந்துவிட்டார். பெரிய அடி இல்லை, மணிக்கட்டு மட்டும் பிசகியிருக்கிறது. சாமியானாவில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. நான் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது என்று சொன்னேன். ஆனால் சொல்லிக்கொண்டே சால்வையைக் கழற்றி மடித்துவிட்டேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு ஆசை.

ஒலிபெருக்கியில் "மலேசியாவுல இருந்து வந்திருக்கிற இண்டர்நேஷனல் ரெப்ரி" என்று அறிவித்தார்கள். நான் பேராக் மாநில அளவைத் தாண்டாதவன். திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அந்தச் சொல் காதுக்குச் சுகமாக இருந்தது.

முதல் பாதியிலேயே ஒரு சிக்கல். செல்லப்பாண்டி ஆஃப்சைடில் நின்று பந்தை வாங்கினான். நான் ஊதினேன். அவன் காதில் வாங்காமல் ஓடி வலைக்குள் அடித்தான். விசிலுக்குப் பிறகும் ஆடுவது நடுவரை அவமதிப்பது. மஞ்சள் அட்டை காட்டினேன். அவன் காதைத் தொட்டுக் காட்டி, "கேக்கல சார். சுத்தி அம்புட்டுப் பேரும் விசில் அடிக்கிறாங்க சார்" என்றான். அவன் சொன்னது உண்மை. மைதானத்தைச் சுற்றி நின்ற பையன்கள் நாக்கை மடித்து விசில் அடித்துக்கொண்டேதான் இருந்தார்கள். ஆனால் முப்பத்தொரு வருட நடுவர் வாழ்க்கையில் 'கேக்கல சார்' என்பதை எத்தனையோ முறை கேட்டவன் நான். கையை அசைத்துப் போகச் சொன்னேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நீலச் சட்டை அணியின் கோல்காவலரை அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் ஆட்டம் முழுக்க 'மாப்ள, மாப்ள' என்றே கூப்பிட்டார்கள். அவரும் பதிலுக்கு அவர்களை 'மாப்ள' என்றார். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'மச்சான்' என்பார்கள். மாப்பிள்ளை என்றால் எனக்குத் தெரிந்து வீட்டுக்கு ஒருவர்தான், அதுவும் தாலி கட்டியவர். ஆகவே இது நீல அணி தங்களுக்குள் வைத்துக்கொண்ட அழைப்பு என்று முடிவு கட்டிக்கொண்டேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.

ஆட்டம் முடிய நாலைந்து நிமிடம் இருந்தது. ஆளுக்கொரு கோல். சிவப்பு அணியின் அருண் என்ற பையன் இடது ஓரமாகப் பந்தைக் கொண்டு வந்தபோது நீல அணிக்காரன் ஒருவன் காலை நீட்டிச் சாய்த்தான். பந்து முன்னால் உருண்டு, செல்லப்பாண்டி அதை நோக்கி ஓடியதால் நான் ஊதவில்லை. அடிபட்ட அணிக்கே வாய்ப்பு இருந்தால் ஆட்டத்தை ஓடவிட வேண்டும் என்பது விதி. இரண்டு கையையும் நீட்டி ஆடச் சொன்னேன். அருண் தரையில் புரண்டு "பவுல் சார், பவுல்!" என்று கத்தினான். பந்து மெதுவாக ஒரு நீலச் சட்டையை நோக்கிப் போனது. அவன் ஒரு உதை விட்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அப்போது செல்லப்பாண்டியின் குரல் கேட்டது. "விடு மாப்ள!"

நீலச் சட்டைக்காரன் ஓங்கிய காலை நிறுத்திக்கொண்டான். பந்து அவனைத் தாண்டி உருண்டது. பின்னால் வந்த செல்லப்பாண்டி அதை எடுத்து, கோல்காவலரையும் ஏமாற்றி உள்ளே தட்டிவிட்டான். மைதானமே எழுந்து நின்றது.

நீலச் சட்டைக்காரன் தலையில் கை வைத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். "சார், 'விடு'ன்னு சத்தம் வந்துச்சு சார். எங்க கீப்பர்னு நெனச்சு விட்டுட்டேன்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை. எனக்கும் பந்தை விடச் சொன்னதாகத்தான் கேட்டது.

விதி தெளிவானது. பேச்சால் எதிராளியின் கவனத்தைத் திருப்பினால் மஞ்சள் அட்டை, எதிரணிக்கு மறைமுகத் தனி உதை. பெயர் சொல்லாமல் 'விடு' என்று கத்தக் கூடாது என்று எங்கள் ஊரில் பள்ளிப் பிள்ளைகளுக்கே சொல்லித் தருவோம். இவன் பெயர் சொல்லாததோடு நிற்காமல், எதிரணிக்காரர்கள் தங்களுக்குள் அழைக்கும் சொல்லையே எடுத்து வீசியிருக்கிறான் என்று நினைத்தேன். ரொம்பவும் கேடுகெட்ட தந்திரமாகப் பட்டது.

கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கோட்டு நடுவரிடம் போனேன். "ஒன்பதாம் நம்பர் 'விடு' என்று சொன்னானா?" என்று கேட்டேன்.

"சொன்னான் சார்" என்றார். நான் கேட்டதற்கு அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

கோல் இல்லை என்று கையைக் காட்டினேன். இரண்டாவது மஞ்சள், அதோடு சிவப்பு. செல்லப்பாண்டி முதலில் அது வேறு யாருக்கோ என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு ஏதோ சொல்ல வாய் திறந்தான். நான் கையை நீட்டி வெளியே போகச் சொன்னேன். அவன் அணித் தலைவன் வந்து, "சார், மாப்ளைன்னு நாங்க எல்லாரையுந்தான் சார் சொல்லுவோம்" என்று ஆரம்பித்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவனுக்கும் அட்டை என்றேன். மைக்கை வாங்கி, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் நடுவரே நினைத்தாலும் முடிவை மாற்ற முடியாது, ஆகவே எல்லாரும் அமைதி காக்க வேண்டும் என்று சாமியானாவுக்கும் பாடம் எடுத்தேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அதை என் கம்பீரத்துக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

டை பிரேக்கர் பெனால்டிகளில் நீல அணி வென்றது. சிவப்பு அணியில் வழக்கமாகப் பெனால்டி அடிக்கும் செல்லப்பாண்டி வேலிக்கு வெளியே சட்டையைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் கோப்பையைக் கொடுத்தேன், கைதட்டினார்கள்.

ஆட்ட அறிக்கையை என் கையாலேயே தமிழில் எழுதினேன். எனக்கு என் கையெழுத்தின் மேல் கொஞ்சம் பிரியம் உண்டு. 'ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் எதிரணி வீரரைத் தமது வாய்ச்சொல்லால் ஏமாற்றிக் கோல் அடித்தார்' என்று எழுதிக் கீழே கோடு இழுத்தேன். தங்கவேல் மாஸ்டர் கோடு இழுத்த வரியில் விரலை வைத்துப் படித்தார். பிறகு கைப்பேசியில் படம் எடுத்தார். என்னை ஊருக்குள் கூட்டிப் போய் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தார். இரண்டு குவளை குடித்தேன்.

வீட்டில் எஸ்தர் அதிகம் பேசவில்லை. நண்பரின் நினைவு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலையில் ஊர்க்காரருக்காக அழகர்கோவிலுக்குப் பேருந்து ஏறினேன். ஏறினேன் என்பதைவிட ஏற்றப்பட்டேன் என்பதே சரி. பேருந்து நிற்பதற்குள்ளேயே கீழே நின்றவர்கள் ஜன்னல் வழியாகத் துண்டு, பை, குழந்தையின் செருப்பு என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் இருக்கைகளில் போட்டார்கள். துண்டு விழுந்தால் இடம் பிடித்தாயிற்று என்பது இங்கத்துச் சட்டம். ஈப்போவில் இப்படிச் செய்தால் துண்டு தெருவில் கிடக்கும்.

அன்று ஒருவர் துண்டைக் கவனிக்காமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். துண்டுக்காரர் வாசல் வழியாக வந்து சேர்ந்தார்.

"எந்திரிங்க. துண்டு போட்டுருக்குல்ல?"

"துண்டா டிக்கெட் எடுக்குது? நான் ஏறி வந்து உக்காந்துருக்கேன்."

"அப்ப துண்டு போட்டவன் கேணப்பயலா?"

குரல் ஏறியது. எனக்குள் இருந்த நடுவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். துண்டுக்காரர் பக்கம் விதி, உட்கார்ந்தவர் பக்கம் நியாயம் என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதத் தொடங்கியபோது நடத்துநர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தன்னைவிடப் பத்து வயது மூத்த துண்டுக்காரரின் தோளில் கை போட்டார்.

"விடு மாப்ள, விடு. முன்னாடி ஒரு சீட்டு இருக்கு, வா."

துண்டுக்காரர் முனகிக்கொண்டே போனார். உட்கார்ந்தவர் கூப்பிட்டு, "இந்தா மாப்ள, துண்டு" என்று எடுத்து நீட்டினார். அவரும் வாங்கிக்கொண்டார். சண்டை முடிந்தது.

பக்கத்தில் மொட்டை போடக் கிளம்பிய ஒருவர், மடியில் குழந்தையோடு இருந்தார். அவரிடம் கேட்டேன். "அந்தத் துண்டுக்காரர் கண்டக்டருக்கு மாப்பிள்ளை முறையா?"

அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். "அதெல்லாம் இல்லண்ணே. யாரு எவருன்னே தெரியாது. ஒரு பேச்சுக்கு."

"விடு என்றாரே, எதை?"

"கோவத்தத்தான். வேற என்னத்த விடச் சொல்லுவாரு?" என்று சிரித்துவிட்டு, "ஒருத்தன் மனசு நோகையில நம்ம பக்கம் அப்படித்தாண்ணே சொல்றது. விடு மாப்ள, பாத்துக்கலாம்னு" என்றார்.

எங்கள் ஊரிலும் 'விடு' என்று ஆறுதல் சொல்வது உண்டு. அதுதான் என்னை அதிகம் வதைக்கிறது. எனக்குத் தெரியாத சொல் இல்லை அது. காற்பந்து மைதானத்தில் நின்றால் என் காதுக்கு 'விடு' என்றால் பந்தை விடு என்பது மட்டும்தான். அருண் தரையில் புரண்டு கத்தியதும் செல்லப்பாண்டி அவன் பக்கம் முகத்தைத் திருப்பியதும் அப்போதுதான் என் கண்முன் வந்தன. பார்த்திருக்கிறேன். பார்த்தும் அதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

அழகரைப் பார்க்காமலே அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிவிட்டேன். எஸ்தரிடம் கேட்டேன். அவர் ஆட்டத்தை முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்.

"உனக்கு அப்போதே தெரியுமா?"

எஸ்தர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "அந்தப் பய கூட விளையாடுறவனுக்குச் சமாதானம் சொல்றான்னு தெரிஞ்சுச்சுண்ணே. ஆனா ரூலு என்னமோ எனக்குத் தெரியாது. நீங்க அம்புட்டு உறுதியாச் சொல்றீக, அப்படியும் ஒரு ரூல் இருக்கும்போலன்னு இருந்துட்டேன்."

கல்லூரிக்குப் போய்க் கேட்டபோது தங்கவேல் மாஸ்டரும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார். "வெளிநாட்டுல இருந்து வந்தவரு, எங்க சாருக்குக் கூட்டாளி. உங்கள எதுத்து நாங்க எப்படி சார் பேசுறது?" மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. கோட்டு நடுவருக்குத் தெரியும், கோப்பையை வாங்கியவர்களுக்கும் யோசித்த பிறகு தெரிந்திருக்கும். எனக்கு மரியாதை கொடுத்து ஒரு பையனைக் கைவிட்டுவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்கு எனக்கு என்ன யோக்கியதை என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

"அறிக்கையை மாற்றி எழுதித் தருகிறேன்" என்றேன். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அந்தச் சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டது நான், ஆட்டக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை, பிழை முழுக்க என்னுடையது என்று எழுதினேன். மாஸ்டர் தேர்வாளருக்குத் தொலைபேசியில் பேசி, ஒலியைப் பெரிதாக்கி எனக்கும் கேட்கும்படி வைத்தார்.

"லிஸ்ட் நேத்தே போயிருச்சு மாஸ்டர். பசங்க இன்னைக்கு காலையில கேம்புக்கு வந்துட்டாங்க. ஏமாத்துனான்னு ரெப்ரி கைப்பட எழுதிக் குடுத்தபெறகு நான் எப்படி அவனச் சேக்குறது? இனிமே மாத்தினா ஏன் மாத்தினன்னு பத்துப் பேரு கேப்பான். ஆட்டம் ஆரம்பிச்சுட்டா முடிவ மாத்த முடியாதுன்னு அவருதான மைக்குல சொன்னாரு?"

நான் அந்தத் தொலைபேசியில் கெஞ்சினேன். எந்த ஆட்டக்காரனிடமும், எந்தச் சங்கத்திடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மன்னிக்கணும் சார் என்று சொல்லி வைத்துவிட்டார்.

நாலாம் நாள் செல்லப்பாண்டியின் ஊருக்குக் கிளம்பினேன். மாஸ்டர் கூட வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். திருமங்கலம் போகுமா என்று கேட்டு ஏறிய பேருந்தில் நடத்துநர் பாதி வழியில்தான் என் சீட்டைப் பார்த்தார். "இது பைபாஸ் ரைடர் சார், ஊருக்குள்ள போகாது" என்று நாலுவழிச் சாலையில் இறக்கிவிட்டார். பத்து மணி வெயிலில் லாரிகளுக்கு ஒதுங்கி நடந்தேன். ஈப்போவாக இருந்தால் அந்த நடத்துநரைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதியிருப்பேன். அன்று யாரைப் பற்றியும் புகார் எழுதும் நிலையில் நான் இல்லை. ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. உள்ளே ஏற்கெனவே ஒன்பது பேர் இருந்தார்கள். ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு தொடை மட்டும் வைக்க இடம் கொடுத்தார்கள்.

வீடு ஊரின் கடைசியில் இருந்தது. செல்லப்பாண்டி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பருத்தி மூட்டைகளை ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் மூட்டையை இறக்கிவிட்டு, கைலியையும் இறக்கிவிட்டான். அந்த மரியாதையை என்னால் தாங்க முடியவில்லை. அவன் அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். ஒல்லியான மனிதர். நான் யாரென்று மகன் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் கடைக்கு ஆள் அனுப்பி கலர் சோடா வாங்கி வரச் சொன்னார்.

"எம்மகன் ஏமாத்துனான்னு எழுதுன தாளப் படம் பிடிச்சு காலேஜ் பூரா செல்லுல அனுப்பிருக்காகய்யா" என்றார் அப்பா. "எனக்கு வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் புள்ளதான் வாசிச்சுக் காமிச்சுச்சு. நல்ல கையெழுத்தா இருக்குன்னுச்சு."

நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடம் முதலில், பிறகு அவனிடம். புதிய அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். தேர்வாளர் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். செல்லப்பாண்டி நின்றபடியே அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு அப்பாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினான். 'ஆட்டக்காரர் யாரையும் ஏமாற்றவில்லை' என்ற வரியை மட்டும் இரண்டு தடவை வாசித்தான்.

"அடுத்த வருடம்..." என்று தொடங்கினேன்.

"அடுத்த வருசம் நான் காலேஜுல இல்ல சார். இதுதான் கடைசி" என்றான். குரலில் கோபம் இல்லை. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கலர் பாட்டில் வந்தது. குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். லாரிக்காரர் ஒலிப்பான் அடித்தார். அவன் மூட்டையைத் தூக்கக் குனிந்தவன், நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கலாமா சார்?"

"கேளு தம்பி."

"வீட்டுக்கு வந்ததும் எங்கப்பா கேட்டாரு, 'ஏமாத்துனியாடா'ன்னு. எங்க மாஸ்டர் கேட்டாரு. அந்த நீலச் சட்டக்காரன் நம்பர் வாங்கிப் போன் போட்டு, 'யாரப் பாத்துடா சொன்ன'ன்னு கேட்டான். நீங்க அவன் சொன்னதக் கேட்டீங்க, லைன்ல நின்னவருகிட்டக் கேட்டீங்க. நான் உங்களுக்கு எதுக்கதான் சார் நின்னேன். என்கிட்ட ஏன் சார் கேக்கல?"

ஆட்டக்காரனிடம் கேட்க வேண்டும் என்று விதியில் இல்லை. இந்தப் பதில் என் நாக்கின் நுனிவரை வந்தது. அவன் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கிக்கொண்டேன்.

"இப்போது கேட்கிறேன் தம்பி. யாரைப் பார்த்துச் சொன்ன?"

"அருணப் பாத்து சார். கால்ல அடிபட்டு அழுதான்."

சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்குப் போனான். அதைச் சொல்ல அவனுக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. அன்று மைதானத்தில் விசாரிப்பதற்கென்றே நான் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்தேன்.